ஷஹீன் பேசாத பேச்சு

1998-இல் ஆம்பூர்ப் பள்ளி ஒன்றில் நாடகம் போட்டார்கள். லண்டன் கடைகளுக்காக ஆம்பூரில் மொத்தமாக ஷூ வாங்க வரும் ரூத் அம்மையார்தான் விருந்தினர். போன முறை வந்தபோது அவர் சொன்ன சொந்தக் கதையைத்தான் நாடகமாக்கியிருந்தார்கள்.

அவர் ஜெர்மனியில் பிறந்த யூதர். யூதர்களை அங்கே கொடுமைப்படுத்திய காலம் அது. போரும் வரப்போகிறது என்று பயந்த பெற்றோர், எட்டு வயது ரூத்தைத் தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். முன்பின் தெரியாத ஒரு ஷூ வியாபாரி, அவளைப் போன்ற பல குழந்தைகளுக்குப் பொறுப்பேற்று, தங்க வீடும் படிக்கப் பள்ளியும் ஏற்பாடு செய்தார்.

வியாபாரி வேடம் ஐந்தாம் வகுப்பு ஷஹீன் பானுவுக்குக் கிடைத்தது. வகுப்பிலேயே அவள்தான் உயரம். மாமாவின் கோட்டு அவளுக்கு முழங்காலைத் தாண்டியது. ஒட்டுமீசை மூக்கில் உரசித் தும்மல் வரவழைத்தது. ஆனாலும் ஞானசுந்தரி டீச்சர் எழுதித் தந்த நீளமான வரவேற்புப் பேச்சைப் பிழையில்லாமல் மனப்பாடம் செய்திருந்தாள்.

மேடையில் அட்டை ரயில் வந்து நின்றது. குழந்தைகள் மூட்டையோடு இறங்கினார்கள். கடைசியாக வந்த ஒன்றாம் வகுப்பு ஜோனதன் படியிலேயே உட்கார்ந்து அழுதான். நன்றாக நடிக்கிறான் என்று கூட்டம் கைதட்டியது. அவன் இன்னும் சத்தமாக அழுதான்.

பேச ஆரம்பிக்கும்படி டீச்சர் ஓரத்திலிருந்து சைகை காட்டினார். ஷஹீன் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். அது நிஜ அழுகை. அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"இன்னாடா ஆச்சு?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஷூ கடிக்குதுக்கா."

கழற்றிப் பார்த்தாள். குதிகால் சிவந்து கொப்புளம் போட்டிருந்தது. ஷஹீன் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். என்ன செய்வதென்று தெரியாத மற்ற குழந்தைகள் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். திரை விழுந்தது. மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வரிகூட அவள் பேசவில்லை.

நாடகத்தையே கெடுத்துவிட்டோமே என்று ஷஹீன் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ரூத் அம்மையார் மேடை ஏறி வந்து அவள் கன்னத்தைத் தொட்டார். கண் கலங்க ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

டீச்சர் தமிழில் சொன்னார்: "அந்த வியாபாரிக்கு இவங்க மொழி தெரியாதாம், ஷஹீன். ஸ்டேஷன்ல இவங்க அழுதப்போ, ஒண்ணும் பேசாம தூக்கிக்கிட்டாராம். பேச்சு நானா சேர்த்தது."

சொல்லிவிட்டு டீச்சரும் சிரித்துவிட்டார்.

இடுப்பிலிருந்த ஜோனதன், "நான் கனமா இருக்கேனாக்கா?" என்று கேட்டான்.

"கொஞ்சம் ஜாஸ்திதான்," என்றாள் ஷஹீன். ஆனால் அவனை இறக்கிவிடவில்லை.