போட்டோவுக்காகப் பூசிய சாம்பல்

மேசை விளக்கைப் போட்டு, கவிழ்த்திருந்த அட்டைப் பெட்டியைத் தூக்கியதும் அவன் கண்ணில் முதலில் பட்டது, பொம்மை எஞ்சினின் முகத்தில் இருந்த வட்டக் கதவு ஒரு நூல் அளவு திறந்திருந்ததுதான். நேற்று சாயங்காலம் அதை மூடியவன் அவனேதான். மூடிவிட்டு, காலைவரை அடிப்பூச்சுப் பிரைமர் காயட்டும் என்று எஞ்சின்மேல் அந்தப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டும் போயிருந்தான். இப்போது தூக்கும்வரை பெட்டி கவிழ்த்தபடியேதான் இருந்தது. வீட்டில் பூனை கிடையாது, குழந்தை கிடையாது. இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருத்தி ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில். கீல் தளர்ந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கட்டைவிரல் நகம் அளவே இருந்த அந்தக் கதவை விரல் நுனியால் தள்ளி மூடினான். மூடும்போது உள்ளேயிருந்து லேசாக ஒரு எதிர்ப்பு இருந்த மாதிரி இருந்தது. சே, தூக்கக் கலக்கம்.

அந்தக் குடியிருப்பில் அவனுக்குப் 'பொம்மை பெயிண்டர்' என்றுதான் பெயர். நீராவி எஞ்சின்களின் சின்னஞ்சிறு மாதிரிகளைச் சேர்க்கிற பைத்தியங்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களுடைய எஞ்சின்களுக்குத்தான் அவன் நிறம் அடித்துக் கொடுக்கிறான். அடிப்படை நிறம், அதன்மேல் மயிரிழைக் கோடு, எண், முத்திரை எல்லாம் சேர்ந்த உடுப்புக்கு லிவரி என்று பெயர். பச்சை அரைப் புள்ளி கூடிவிட்டால் போனில் அழுகிறவர்கள் அவர்கள். அதில் அபூர்வமான லிவரி என்றால் கேட்கவே வேண்டாம், சோறு தண்ணி இல்லாமல் அலைவார்கள்.

இப்போது மேசைமேல் இருந்தது அந்த அபூர்வத்திலும் அபூர்வம். அந்தக் காலத்தில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து புது எஞ்சின் வெளியே வந்ததும் கம்பெனி அதை ஒரு போட்டோ எடுத்து வைக்கும். கருப்பு எஞ்சின் போட்டோவில் மை கொட்டியது போல அப்பிக்கொள்ளும் என்பதால், பளபளப்பில்லாத சாம்பல் நிறத்தை மேலே பூசுவார்கள். அதுவும் கேமரா பார்க்கிற முகத்துக்கும் ஒரு பக்கத்துக்கும் மட்டும். மறுபக்கம் செங்காவிப் பிரைமரோடு அம்மணமாக நிற்கும். படம் எடுத்த சில நாளில் சாம்பலைச் சுரண்டிவிட்டு வழக்கமான கருப்பை அடித்து ஓட்ட அனுப்பிவிடுவார்கள். தண்டவாளத்தில் ஒரு மைல்கூட ஓடாத உடுப்பு.

இந்த எஞ்சினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து டாக்ஸியில் கொண்டுவந்த பெரியவருக்குத் தொண்ணூறு வயது இருக்கும். கூடவே ஒரு பழைய போட்டோ. நிஜ எஞ்சினுக்கு அன்றைக்குச் சாம்பல் பூசிய ஆட்களில் தானும் ஒருவன் என்றார்.

"இடது பக்கமும் முகமும் மட்டும் அடிங்க தம்பி. வலது பக்கம் தொட வேணாம்."

"தெரியும் சார்."

"இந்த முன்கதவு, புகைப்பெட்டிக் கதவு. இது தெறந்து மூடுற மாதிரியே இருக்கணும். எக்காரணம் கொண்டும் அடைச்சிடாதீங்க."

"அடைக்க மாட்டேன் சார், கவலைய விடுங்க," என்று அவனும் வாயாரச் சொல்லித்தான் வாங்கி வைத்தான். ஆனால் போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே அரிப்பு. படத்தில் கதவைச் சுற்றிக் கோடே இல்லை. வட்டமாக ஒரு இடைவெளி தெரிய வேண்டிய இடத்தில் ஒரே வழவழப்பு. யாரோ விரிசல் அடைக்கிற பட்டியை வைத்து இழைத்திருக்கிறார்கள். அவன் தொழிலில் போட்டோவா வாடிக்கையாளரா என்று வந்தால் போட்டோதான் ஜெயிக்கும்.

எட்டே கால் மணிக்கு மனைவி வந்தாள். நர்ஸ் வேலை, நாலு வாரமாகத் தொடர்ந்து ராத்திரி ஷிஃப்ட், இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதில் அவர்கள் பாரமும் இவள் தலையில். செருப்பைக் கழற்றக்கூடக் குனியத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்மேல் கிருமிநாசினி வாசனை வந்தது.

"ஏங்க, இன்னிக்கு ஒரு சத்தமும் வேணாங்க."

"நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு."

"நேத்து மருந்த மாத்தி ஊசியில ஏத்திட்டேன். போடறதுக்கு முன்னாடி கை தானா நின்னுச்சு." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அடுத்த தடவ நிக்குமான்னு தெரியல. நான் தூங்கணும். எனக்கு வேற ஒண்ணுமே வேணாம்."

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் கேட்ட பொருள்களே குறைவு, அதில் இது ஒன்றைக்கூடக் கொடுக்க முடியாவிட்டால் தான் என்ன மனுஷன்? காலிங்பெல் ஒயரைப் பிடுங்கினான். சொட்டுகிற குழாய்க்கு அடியில் துணியைப் போட்டான். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துணி அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவே வைத்தான். மூன்றாவது மாடி என்பதால் தெருச் சத்தம் அவ்வளவாக ஏறாது. அவள் கருப்புத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்தினாள்.

அரை மணி நேரம் வீடு அசையவில்லை. அவன் தூரிகையால் எஞ்சினின் பக்கவாட்டில் சாம்பலை இழுத்துக்கொண்டிருந்தான். தின்னர் வாசனை, வெயிலில் சூடாகிற ஜன்னல் கம்பியின் வாசனை, இரண்டுக்கும் அடியில் கரியும் வியர்வையும் கலந்த ஏதோ ஒன்று, ரொம்ப நேரம் மூடிக்கிடந்த அறையில் ஆள் தூங்கி எழுந்தால் வருமே, அந்த வாடை. தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். சட்டையில் இல்லை.

டிக்.

நகம் தகரத்தில் படுகிற மாதிரி. நிமிர்ந்தான். டிக், டிக். எஞ்சினுக்குள்ளிருந்து. வெயில் பட்டுத் தகடு விரிகிறது என்று நினைத்துத் திரையை இழுத்தான். டிக், டிக், டிக். தகடு மூன்று மூன்றாகவா விரியும்?

"என்னங்க தட்டறீங்க?" உள்ளேயிருந்து அவள் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. தூங்கு."

எஞ்சினைத் துண்டில் சுற்றினான். தலையணைக்கு அடியில் வைத்தான். சமையலறைக்குக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குள் இறக்கினான். சத்தம் குறையவில்லை, டின்னுக்குள் போனதும் ஒரு மடங்கு கூடியது. படுக்கையறைக் கதவு திறந்தது. அவள் வாசலில் நின்றாள், கண் சிவந்து, இமை வீங்கி, முடி கலைந்து.

"உங்களக் கையெடுத்துக் கும்பிடறேங்க," என்றாள், நிஜமாகவே கையைக் கூப்பி. அழுகைகூட அவளுக்கு முழுசாக வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவமானமும் ஆத்திரமுமாக அவன் எஞ்சினை மேசைக்குக் கொண்டுவந்தான். பட்டி டப்பாவைத் திறந்தான். பெரியவருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வராமல் இல்லை. வாக்காவது கத்திரிக்காயாவது, என் பொண்டாட்டி தூங்கணும். ஊசி முனையில் பட்டியைத் தொட்டு வட்டக் கதவைச் சுற்றி அடைக்கத் தொடங்கினான். பாதி வட்டம் வந்ததும் உள்ளே தட்டல் வேகமானது. விரல் நுனியில் அது துடித்தது. முக்கால் வட்டம். தட்டல் இல்லை இப்போது, பிறாண்டல். முழு வட்டமும் முடிந்ததும் ஈர விரலால் ஒரு இழுப்பு இழுத்தான்.

நின்றுவிட்டது.

மேலே சாம்பலை மெல்லிசாகப் பூசினான். அச்சு அசல் போட்டோவேதான். எத்தனையோ நாள் கழித்து வீட்டில் நிஜமான அமைதி வந்தது. உள்ளேயிருந்து மனைவியின் சீரான மூச்சு கேட்டது. அப்பாடா. அவனும்தான் எத்தனை நாள் சரியாகத் தூங்கினான்? அவள் வருகிற நேரத்துக்கு எழுவதும், அவள் கிளம்புகிற நேரத்துக்குச் சமைப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தான். மேசையில் கையை மடித்துத் தலையைச் சாய்த்தான்.

போன் மேசையில் அதிர்ந்தபோது அறை மங்கியிருந்தது. பெரியவர்.

"கதவு எப்படி இருக்கு தம்பி?"

"அடைச்சிட்டேன் சார்." பொய் சொல்லத் தோன்றவில்லை. "போட்டோல கோடு இல்ல. பட்டி வச்சிருக்காங்க."

"அந்தப் பட்டிய வச்சது நான்தான். ரெண்டு ராத்திரி தூங்கல நாங்க. கூட வேல செஞ்சவன் நிஜ எஞ்சினோட புகைப்பெட்டிக்குள்ள போய்ப் படுத்துட்டான், உள்ள இருட்டா இருக்கும்ல. போட்டோவுக்குக் கதவச் சாத்துன்னாங்க, சாத்தினேன். உள்ள எட்டிப் பாக்கணும்னு தோணல. எனக்கும் அவ்ளோ தூக்கம்."

"அவர் தட்டலையா?"

"தட்டினான். ஒர்க்‌ஷாப்புல தட்டற சத்தத்த யாரு தம்பி கேப்பா?"

"எப்ப தெறந்தீங்க?"

"நாலாம் நாளு. சாம்பலச் சுரண்ட வந்தப்ப," என்றார் பெரியவர். "உங்க வீட்டுல தூங்கறவங்க யாராவது இருக்காங்களா?"

அவன் போனில் மணியைப் பார்த்தான். ஆறே முக்கால். ஐந்து மணிக்கு அவள் எழுந்திருக்க வேண்டும். அலாரம் அடித்திருக்க வேண்டும்.

கத்தியை எடுத்தான். பட்டியைக் கீறி, கதவை நெம்பினான். கீல் உடைந்து கதவு மேசையில் விழுந்து புரண்டது. அதன் உள்பக்கத்தில் பிரைமர் முழுக்கக் கீறல்கள். மயிரிழைக் கீறல்கள். ஐந்தைந்தாக.

அப்போதுதான் தட்டல் கேட்டது. எஞ்சினிலிருந்து இல்லை.

நடைவழியில் ஓடினான். விளக்கைப் போட்டான். படுக்கையறைக் கதவைச் சுற்றி இடைவெளியே இல்லை. மேலே, பக்கத்தில், கீழே, எல்லாம் அடைபட்டிருந்தது. சாவித் துவாரமும். கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு மேடு. மேலே பளபளப்பில்லாத சாம்பல். இன்னும் முழுசாகக் காயவில்லை.

தன் கையைப் பார்த்தான். மணிக்கட்டு வரை சாம்பல்.

"ஏம்மா! ஏம்மா!"

போன் அடித்தான். எங்கோ ஆழத்தில் மணி கேட்டது. எடுத்தாள்.

"ஏங்க…" தூக்கக் குரல். மூச்சு வாங்கியது. "கரண்ட் போயிடுச்சா?"

"கதவத் தட்டு. நான் இங்கதான் இருக்கேன். தட்டிக்கிட்டே இரு."

"கட்டிலக் காணோங்க. கைய நீட்டினா ரெண்டு பக்கமும் முட்டுது. சுவரு வட்டமா இருக்கு." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "பக்கத்துல யாரோ படுத்திருக்காங்க."

லைன் அறுந்தது.

தோள் உயரத்தில் தட்டல். டொம், டொம், டொம். அவன் கத்தியால் சுரண்டினான். சாம்பல் சுருள் சுருளாக உதிர்ந்தது. அடியில் மரம் வரவில்லை. சாம்பல். அதையும் சுரண்டினான். அதற்கடியிலும் சாம்பல். கதவு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது? விளிம்பே இல்லை. கத்தி முனை உடைந்தது. நகத்தால் பிறாண்டினான். இரும்பு மாதிரி குளிர்ந்திருந்தது.

இடுப்பு உயரத்தில் தட்டல். இரண்டு.

"தூங்கிடாத! தூங்கிடாதம்மா! நான் வந்துட்டேன்!"

காலையிலிருந்து தூங்கு தூங்கு என்று சொன்ன அதே வாய். மண்டியிட்டான். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. ரத்தம் பட்ட இடத்தில் அவன் கண்ணெதிரே சாம்பல் மெல்லப் படர்ந்து மூடியது.

தட்டலைக் காணோம். காதை வைத்தான். உள்ளே சீரான மூச்சு. இரண்டு பேருடையது.

பிறகு தரையை ஒட்டி, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு முறை தட்டியது.