நாற்பத்திரண்டாவது பக்கம்

ஜெசீகா எழுதியது நாற்பத்தொரு பக்கம். கணினி உருவாக்கிக் கொடுத்தது நாற்பத்திரண்டு.

பதுளையில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது அந்த இரண்டு அறை அலுவலகம். தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களின் ஓட்டத்தைப் போனில் கவனிக்க ஒரு செயலி செய்திருந்தார்கள். செயலியையும் மெஷினையும் கையாளும் முறையைத் தமிழில் எழுதி, இணையதளமாக்கி வெளியிடுவது ஜெசீகாவின் வேலை. ஒவ்வொரு பாடத்தையும் ஒரு கோப்பில் எழுதிவைப்பாள். ஒரு பொத்தானைத் தட்டினால் கோப்புக்கு ஒரு பக்கமாக எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அந்தக் கணக்கு இதுவரை பிசகியதே இல்லை.

கடைசிப் பக்கத்தின் தலைப்பு, 'ரோலரில் வேலை செய்யும் முறை'. அவள் வைத்த தலைப்பு அல்ல. கீழே ஒரே ஒரு படம்: மடுல்சீமைத் தொழிற்சாலையில் கொழுந்து கசக்கும் ரோலர் அறை, ஆளில்லாமல். அவளுடைய அண்ணன் ஜோன்சன் பதினொரு வருடமாக உழைக்கும் அறை. எவனோ விளையாடுகிறான் என்று முணுமுணுத்தபடி அந்தப் பக்கத்துக்கான கோப்பைத் தேடினாள். அப்படி ஒரு கோப்பே இல்லை.

மணி இரண்டரைதான். ஆனால் மூடுபனி இறங்கி ஜன்னல் கண்ணாடியை அடைத்திருந்தது; கீழே எங்கோ 'பசறை, பசறை' என்று பஸ்காரன் கூவுவது கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது; அதற்கும் அடியில், தரைக்குள்ளே, கனமான ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றி அரைக்கும் முழக்கம். கூடவே நசுங்கிய பச்சைக் கொழுந்தின் வாடை. துணிக்கடை மாடியில் அந்த வாடைக்கு என்ன வேலை? தளத்தை மறுபடி உருவாக்கினாள்.

இப்போது படத்தில் ஜோன்சன் முதுகைக் காட்டி நின்றான். படத்துக்குக் கீழே, எழுத்தில், ஏழு படிகள்.

ஒன்று: வலது கைச் சட்டையைத் தோள்வரை மடிக்கவும்.

இரண்டு: ஓடும் ரோலரின் மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில் விரல்களை வைக்கவும்.

மூன்று: எலும்பு நொறுங்கும் சத்தம் நிற்கும்வரை கையை எடுக்க வேண்டாம்.

நான்காவதில் முழங்கை இருந்தது. ஏழாவதில் கழுத்து. கொடுமை என்னவென்றால், நடை அவளுடையது. ஒரு படிக்கு ஒரு வேலை, குழந்தைக்கும் புரியவேண்டும் என்று அவள் பார்த்துப் பார்த்துப் பழகிய நடை. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எங்க நிக்கிற?"

"மத்தியான ஷிப்ட் பெரட்டுல. ஏன்டி இப்படி மூச்சு வாங்குது?"

"ரோலர் கிட்ட போகாத. சொல்றதக் கேளு, போகாத!"

"நல்லா இருக்கே! புதுப் பக்கம் போட்டிருக்கது நீதானே. டீமேக்கர் ஐயா வாசிக்கப் போறாரு."

அவள் எதையும் இன்னும் வெளியிடவில்லை. பொதுத் தளத்தைத் திறந்தாள். பக்கம் அங்கே இருந்தது.

தளத்தில் புதிதாக எது வந்தாலும், வேலை தொடங்குமுன் ஆட்களைப் பெரட்டுக்கு வரிசையாக நிறுத்தி தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் தங்கராஜா உரக்க வாசிப்பார். ஒவ்வொரு படிக்கும் எல்லோரும் 'சரிங்க' என்பார்கள். ஒருவர் அங்கேயே, ஓடும் மெஷினில், செய்துகாட்டுவார். எழுத்து தெரியாதவர்களுக்கும் போய்ச்சேர வேண்டும் என்று அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே ஜெசீகாதான். பெரட்டில் வாசித்ததை மறுத்துப் பேசியவர் அங்கே எவருமில்லை.

"அது நான் எழுதல அண்ணே! சத்தியமா நான் எழுதல!"

"அடியில உன் பேருதானே இருக்கு," என்றான். தூக்கத்தில் பேசுகிறவனின் குரல். போனை எங்கோ வைத்த சத்தம் கேட்டது.

"ஒன்று," என்று தங்கராஜா வாசித்தார்.

"சரிங்க."

பக்கத்தை அழித்தாள். அழியவில்லை. தளத்தையே அழித்தாள். அதுவும் அழியவில்லை. போனுக்குள் கத்தினாள், யாரும் திரும்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. அதே பெயரில் புதிய கோப்பு வைத்தால், பழைய பக்கத்தின் மேல் புதியது வந்து உட்காரும். எப்போதும் அப்படித்தான். ஒரே வரி அடித்தாள்: ரோலரை உடனே நிறுத்தவும். வெளியிடும் பொத்தானைக் குத்தினாள்.

"இரண்டு."

"சரிங்க."

திரையில் பத்து சதவீதம். இருபது.

"மூன்று."

ஜோன்சன் அலறினான். அண்ணன் அலறி அவள் கேட்டதே இல்லை. அலறலுக்குள்ளே காய்ந்த சுள்ளிகள் முறியும் சத்தம். ஒன்று. இன்னொன்று. அம்மா என்றான். மாதாவே என்றான். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"எடு கையை! அண்ணே, எடு!"

"நான்கு."

"சரிங்க."

சதை கிழிந்தது. கேட்டாள். ஐம்பது சதவீதம். "ஐந்து." எழுபது. "ஆறு." ஈரமாக ஏதோ தகரத்தில் அடித்தது. அலறல் நாய் முனகலாகச் சிறுத்தது.

நூறு. வெளியாகிவிட்டது. பக்கத்தைத் திறந்தாள்.

எதுவும் அழிந்திருக்கவில்லை. ஏழு படிகளும் அப்படியே. அவளுடைய வரி கடைசியில் போய் ஒட்டியிருந்தது.

"ஏழு."

"சரிங்க."

முனகல் நின்றது.

"எட்டு. ரோலரை உடனே நிறுத்தவும்."

"சரிங்க."

முழக்கம் அடங்கியது. சொட்டும் சத்தம் மட்டும். திரையில் படம் தானாக மாறியது. நின்றுபோன ரோலர். பெட்டிக்கு அடியில், கசங்கிய கொழுந்தோடு கலந்து, சிவப்பாக வழிந்து கிடந்தது அவளுடைய அண்ணன்.

"எல்லாருக்கும் விளங்கிச்சா?" தங்கராஜாவின் குரல் சாதாரணமாக இருந்தது. "மெஷினப் போடுங்க. அடுத்த ஆள் வாங்க."

படத்தில் ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவராக, வலது கைச் சட்டையைத் தோள்வரை மடித்துக்கொண்டு நின்றார்கள்.