துவைக்கக் கூடாத சட்டை

சுவர் அதிர்ந்தது. அலமாரியில் அடுக்கியிருந்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். சமையலறைக்கு அந்தப் பக்கம்தான் குதிரை லாயம். மகாராணி பின்னங்காலால் சுவரை உதைக்கிறாள். வந்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் இல்லாத பழக்கம். இன்றைக்கு என்னவோ சரியில்லை என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் கொல்லைப்புறத்திலிருந்து கணவரின் குரல் வந்தது.

"என் சட்டையத் தொவைச்சது யாரு...?"

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

கொடியில் அந்தக் காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட ஈரம். மல்லிகை சோப்பு வாசனை கமகமவென்று வீசியது. அதன் எதிரில், செத்துப்போன பிள்ளையைப் பார்ப்பவர் மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சட்டையின் கதையைச் சொன்னால்தான் அவர் கதை புரியும். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் ஒரு பயணியிடமும் சிரித்துப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு பழுப்புக் குதிரையைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார், மாப்பிள்ளைக் களையோடு. குதிரை வாங்கினவர் அதன் மேல் ஒரு தடவையாவது ஏறியிருக்க வேண்டுமே, அதுவும் இல்லை. கேட்டால், "பெத்த பொண்ணு முதுகுல எவனாவது ஏறுவானா?" என்பார். சமையலறையில் மின்விசிறி கிடையாது, லாயத்தில் இரண்டு. தனியாக இருந்தால் மகாராணி ஏங்கிப்போவாள் என்று மனைவியின் பீரோவிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி லாயத்தில் மாட்டினார். அன்றிலிருந்து அவள் கைக்கண்ணாடியில் பாதி முகம் பாதி முகமாகப் பார்த்துத் தலை சீவிக்கொள்கிறாள்.

காலையில் அவர் செய்கிற முதல் வேலை, மகாராணியின் நெற்றியைத் தடவி, "தூங்கினியாம்மா?" என்று கேட்பது. கட்டினவளிடம் அந்தக் கேள்வியை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. "டிரைவருக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ சமைக்கிறா, இளையவ சாப்பிடறா" என்று தெருவே சொல்லிச் சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள். வேறென்ன செய்வது?

சட்டை அவருடைய பழைய யூனிஃபார்ம். லாயத்துக்குள் போகும்போது மட்டும் போட்டுக்கொள்வது. குதிரை வந்த நாளிலிருந்து அதன் மேல் தண்ணீர் பட்டதில்லை. "அவளுக்குக் கண்ணு எதுக்கு? மூக்குதான் எல்லாம். இந்த வாசனைதான் நான்" என்பார். வீட்டில் மற்றவர்களுக்கும் மூக்கு இருக்கிறது என்பது அவர் ஞாபகத்தில் இல்லை.

இன்னொரு பெருமையும் உண்டு. டீக்கடையில் அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். "ராத்திரி பூரா அடக்கி வெச்சிருப்பா. காலைல நான் கூடையோட போய் நின்னப்புறம்தான் ஒரே ஒரு தடவை லத்தி போடுவா. ராஜ வம்சம்ல!"

"கேக்கறேன்ல...? யாரு?"

மகனும் வந்து நின்றான். அவர் தங்கை வந்தாள்; புகுந்த வீட்டோடு ஒத்துப்போகாமல் வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். மருமகள் கிணற்றடியை ஒட்டி நின்றாள். அவள் புடவைத் தலைப்பு ஈரமாக இருந்தது. விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

மாமியார் அதைப் பார்த்துவிட்டாள்.

கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. தாயில்லாத பெண். மாமனாருக்கு ஏதாவது நல்லது செய்து நல்ல பேர் வாங்கலாம் என்று, லாயத்துக் கொக்கியில் அழுக்குச் சட்டையைக் கண்டதும் எடுத்து அலசிவிட்டிருக்கிறது பாவம். வைக்கோல் தூசிக்கு அவள் தும்மியதில் மகாராணி மிரண்டாள் என்று போன வாரம்தான் ஒரு ரகளை நடந்தது. 'இன்னொரு தடவை இவளால மகாராணிக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் இவள அவங்கப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வா' என்று மகனிடம் அவர் சொன்னார். சொன்னால் செய்கிறவர். எதிர்த்துப் பேசுகிற பிள்ளையும் இல்லை அவன்.

"நான்தாங்க தொவைச்சேன்" என்றாள் மாமியார்.

"நீயா...?"

"பாத்தியாண்ணே!" நாத்தனார் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "சக்களத்திப் பொறாமை கேள்விப்பட்டிருக்கேன். நாலு கால் சக்களத்தி மேல பொறாமைப்பட்ட மகராசிய இங்கதான் பாக்கறேன்!"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மெல்லிய குரலில், "இனிமே லாயத்துப் பக்கம் உன் நிழல்கூட விழக் கூடாது. இன்னைலேர்ந்து பூட்டி சாவிய நானே வெச்சுக்கறேன்" என்றார்.

திட்டுக்கு அவள் கலங்கவில்லை, பழகிப்போன ஒன்று. சாவி என்றதும்தான் அவளுக்குப் பயம் வந்தது.

குதிரை வருவதற்கு முன்பே அவருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்திருந்தது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே குனிஞ்சு பாரம் தூக்கவே கூடாதும்மா. இன்னொரு தடவை பிசகிச்சுன்னா காலு ரெண்டும் விழுந்துடும்" என்றார். குதிரை வந்ததும் ஆள் வைக்கலாம் என்றால், "என் பொண்ண எவனோ ஒருத்தன் தொடறதா?" என்று குதித்தார். அதனால் தினமும் இருட்டோடு எழுந்து, அவள்தான் லாயத்துக்குள் போனாள். முதலில் மகாராணி அவளைக் கிட்டவே விடவில்லை. கொக்கியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்; விட்டது. இரவு முழுவதும் விழுந்திருந்த லத்தியை அள்ளிக் குழியில் கொட்டுவாள். அவர் பெருமைக்கென்று ஒரே ஒரு சின்னக் குவியலை மட்டும் விட்டு வைப்பாள். வியர்வையில் நனைந்த சட்டையைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு, கைகால் கழுவி, பால் காய்ச்சப் போய்விடுவாள். ராஜ வம்சத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

அன்று பகல் முழுவதும் மகாராணி உதைத்தாள். இரவும் ஓயவில்லை. ஒவ்வொரு இடிக்கும் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. விடிவதற்கு முன் வழக்கம்போல் அவள் உடம்பு தானாக எழுந்துகொண்டது. எங்கே போவது? பூட்டின கதவுக்கு வெளியே, ஈரத் தரையில், விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அவர் வந்தார். அவளைப் பார்க்காதவர்போல் பூட்டைத் திறந்தார். உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

லாயம் முழுக்க லத்தி. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, மிதித்து நசுக்கியதாக இன்னும் சில.

"ஐயோ... என் பொண்ணுக்கு வயிறு போயிடுச்சே!"

கூடையை இழுத்துக்கொண்டு அவர் குனியப் போனார். அவள் வாசலிலிருந்தே அலறினாள்.

"குனியாதீங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், குனியாதீங்க! அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க... தினமும் இப்படித்தான். நான்தான் நீங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடி..."

"என்னடி சொன்ன...?" அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "என் மகாராணி தினமும் இப்படி அசிங்கம் பண்றவளா? சட்டையத் தொவைச்ச. தீவனத்துல எதையோ கலந்த. இப்ப அவ மானத்தையும் வாங்கறியா?"

"சத்தியமாங்க..."

"பாம்ப வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு நான் தூங்கியிருக்கேனே! போயிடு... இந்த வீட்டுல அவ இருக்கணும், இல்லேன்னா நீ இருக்கணும்."

அவள் நின்று பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினவர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இதைச் சொன்னார். குதிரையோ, காதுகளைப் பின்னால் மடக்கி, அவருடைய வெளுத்த சட்டையை முகர்ந்து முகர்ந்து தலையை உதறிக்கொண்டிருந்தது. அந்தக் காதுகளின் கோபம் அவளுக்குப் புரிந்தது. அவருக்குப் புரியவில்லை.

அவள் ஒரு பையில் நான்கு புடவைகளை எடுத்து வைத்துக்கொண்டாள். மருமகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தை... நான் சொல்லிடறேன் அத்தை... என்னால தாங்க முடியல..."

"வாயத் திறக்காத. எனக்குத் தங்கச்சி வீடு இருக்கு. உன்னைய அப்பன் வீட்டுக்கு அனுப்பினா, அங்க உன்ன வான்னு சொல்ல யாரு இருக்கா? அழாத கண்ணு."

மகனிடம் மட்டும், "குதிரை டாக்டருக்கு ஃபோன் போடு. அப்பாவத் தனியா உள்ள விடாத. அவ காது படுத்திருக்கு, பாத்துக்க" என்றாள்.

"சரிம்மா" என்று அவன் தரையைப் பார்த்தான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

இதற்குள் அவர் வைத்தியத்தில் இறங்கியிருந்தார். வயிற்றுப்போக்குக்குப் பட்டினிதான் மருந்து என்று புல்லையும் தண்ணீரையும் அகற்றினார். யாரோ எப்போதோ சொன்ன கஷாயத்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, பசியில் நின்ற குதிரையின் வாயைப் பிடித்துத் திறந்தார்.

அவள் இன்னும் வாசற்கதவைத் தாண்டவில்லை. உள்ளே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

பை கையிலிருந்து எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

லாயத்தில் அவர் மூலையில் விழுந்து கிடந்தார். ஆளுயரக் கண்ணாடி சுக்குநூறாகியிருந்தது. அவருக்கும் கதவுக்கும் நடுவில் மகாராணி சுற்றிச் சுற்றி வந்து, கண்ணின் வெள்ளை தெரிய, பின்னங்காலைத் தூக்கித் தூக்கி உதைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உதையும் அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. நாத்தனார் வாயில் அடித்துக்கொண்டாள். மகன் கையில் கம்போடு கதவருகிலேயே நின்றான்.

"கம்பக் கீழ போடுடா!" என்றாள் அவள். அந்த வீட்டில் அவள் போட்ட முதல் அதட்டல் அது. "எல்லாரும் தள்ளிப் போங்க. யாரும் பேசாதீங்க."

உள்ளே போனாள். சட்டை இல்லை, ஒன்றும் இல்லை. நாக்கை மெல்லச் சொடுக்கினாள்.

"வாடி... வா... என்ன கோபம் என் ராசாத்திக்கு... பசிக்குதா...? நான் வரலைன்னு கோபமா...?"

உதைக்கத் தூக்கிய கால் இறங்கியது. மூக்கு விடைத்தது. மடங்கிக் கிடந்த காதுகளில் முதலில் ஒன்றும் அப்புறம் இன்னொன்றும் முன்னால் திரும்பின. மகாராணி இரண்டு அடி எடுத்து வைத்து, அவள் தோளில் தலையைச் சாய்த்துப் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு, தினமும் செய்கிற மாதிரி, உதட்டால் அவள் இடுப்பு முடிச்சைத் துழாவினாள். அங்கே ஒரு சர்க்கரைக் கட்டி இருந்தது. எப்போதும் இருக்கும்.

மூலையில் கிடந்தவர் அதைப் பார்த்தார். அந்தச் சர்க்கரையைப் பார்த்தார். மூன்று வருஷமாக எது தன் வாசனை என்று நினைத்திருந்தாரோ, அது யாருடையது என்று அவருக்கு அப்போது விளங்கியது.

அவள் குதிரையை வெளியே கட்டிவிட்டு ஓடி வந்து அவர் பாதத்தைப் பிடித்தாள். "விரல அசைங்க... அசைச்சுக் காட்டுங்க... கடவுளே, அசைங்களேன்!"

விரல்கள் அசையவில்லை. அவள் உள்ளங்காலைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். கட்டை விரல் லேசாக அசைந்தது. பிறகு மற்ற விரல்கள். அவள் அந்தப் பாதத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவரை முற்றத்துக் கட்டிலுக்குத் தூக்கி வந்தபோது குதிரை டாக்டர் வந்தார். லாயத்தைச் சுற்றிப் பார்த்தார், மகாராணியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "வயித்துப்போக்கா? யார் சொன்னா? நல்லா இருக்கற குதிரை ஒரு ராத்திரிக்குப் போடற அளவுதான் இது. ராத்திரி பூரா அடக்கினா குடல் முறுக்கிச் செத்துடும் சார். பட்டினி வேற போட்டிருக்கீங்க. இன்னைக்குப் பூரா இப்படி விட்டிருந்தீங்கன்னா, நான் வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது."

"இத்தன நாளும்... ஒரே ஒரு தடவைதானே..." என்று அவர் முனகினார்.

"மிச்சத்த யாரோ அள்ளியிருக்காங்க" என்று டாக்டர் கையைக் கழுவப் போனார்.

மருமகள் விம்மிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"மாமா... சட்டையத் தொவைச்சது நான். அத்தை இல்ல. என்னைய அனுப்பிடுவீங்கன்னு அத்தை பழிய ஏத்துக்கிட்டாங்க... என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க. அத்தைய அனுப்பாதீங்க மாமா..."

நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அண்ணியின் பை இருந்தது. அதை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அவர் கண்களிலிருந்து தண்ணீர் காதோரம் வழிந்தது. "ஏன்டி என்கிட்ட சொல்லல...?"

"இன்னைக்குச் சொன்னேனே. நம்பினீங்களா?"

அவர் கையை நீட்டினார். அவள் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. நிறைய யோசித்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன். ஆனா இனிமே இருட்டுல ஒளிஞ்சு அள்ள மாட்டேன். வெளிச்சத்துலதான் அள்ளுவேன். தெருவுக்கும் தெரியட்டும்."

"தெரியட்டும்" என்றார் அவர், சின்னப் பிள்ளை மாதிரி.

பல வாரம் படுக்கையில் கிடந்தார். மெல்ல நடக்கத் தொடங்கிய அன்று காலை, கம்பை ஊன்றிக்கொண்டு லாயத்து வாசலுக்கு வந்தார். உள்ளே அவள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடையில் லத்தி அள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. சட்டையில் சோப்பு வாசனை போய்விட்டிருந்தது.

"தூங்கினியாம்மா?" என்ற குரல் கேட்டது.

மகாராணியைத்தான் கேட்கிறார் என்று அவள் வேலையை நிறுத்தவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மகன் குதிரையை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய் வெகு நேரமாகிறது. லாயத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

கூடையைக் கீழே வைத்துவிட்டு, வியர்வையும் கண்ணீருமான முகத்தை அந்தச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"தூங்கினேங்க" என்றாள்.