உத்தரவு கேட்டவர்கள்

நாற்காலியைத் துடைக்கக் கைவைத்த மாயக்காளுக்கு மெத்தை சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல. அதில் உட்கார்ந்த ராஜா செத்துப் பல வருஷமாகிவிட்டது.

ராஜா என்பது ஊருக்குச் சொல்வது. வெள்ளைக்காரன் கணக்கில் சின்ன சமீன். வெயில் தாங்காத மேனியென்று கூடலூருக்கு மேலே மலையில் அரண்மனை கட்டி, கோடை முழுக்க அங்கே தூங்கினார். மகன் அதை மியூசியமாக்கினார். வாசலில் ராஜா சுட்ட புலி நின்றது. சுட்டது உண்மைதான்; மெட்ராசில் பஞ்சடைத்து வாங்கி வந்த பிறகு சுட்டார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் வெறும் நாற்காலியிடம் உத்தரவு கேட்டுத்தான் வெளியேற வேண்டுமென்பது மேனேஜர் வைகுண்டராஜ் போட்ட சட்டம். ராஜா சார்பில் "போகலாம்" என்று அவரே சொல்வார்.

மாயக்காளின் மகளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆத்தாள் உடனே வரவேண்டும் என்று கூடலூரிலிருந்து மருத்துவச்சி சொல்லியனுப்பியிருந்தாள். மாயக்காளின் புருசன் சுருளிவேல் வாசலில் மாட்டுவண்டியோடு நின்றார். அவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, பழக்கத்தில் குனிந்து, "உத்தரவு சாமி" என்றாள்.

நைந்த வெல்வெட்டின் பூஞ்சை வாசம், புலித்தோலின் கற்பூர நெடி, சாயங்காலச் சாரல் ஓட்டில் ஊர்ந்திறங்கும் சத்தம், இத்தனைக்கும் நடுவே திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு.

வைகுண்டராஜ். குனிந்து, வாய் பொத்தி நின்றார். விரலிடுக்கில் ஒட்டடை.

"ஐயா, மகளுக்கு வலி. போகச் சொல்லுங்க."

"நாஞ் சொன்னா ஆகாது ஆத்தா. நானே நேத்துக் கேட்டுட்டு நிக்கேன். அவுக இன்னும் ஒண்ணும் சொல்லல."

"பஞ்சடைச்ச புலியச் சுட்டவுககிட்ட என்னய்யா பயம்?"

"மெல்லப் பேசு. முழிச்சிருக்காக."

திரும்பி வெளியேறப் பார்த்தாள். கால் நகரவில்லை. பயமாகக்கூட இல்லை, மரத்துப்போயிருந்தது. மகள் முகத்தை நினைத்தாள். வரவில்லை. கை தானாக உயர்ந்தது. வாயைப் பொத்தியது.

வாசலில் சுருளிவேல் குரல். "ஏ மாயக்கா, இன்னும் என்ன பண்ற? பிள்ளை கை வெளிய வந்துருச்சாம். மறுபடி ஆள் வந்துட்டான்."

செருப்புச் சத்தம். உள்ளே.

வராதீக. கைக்குள்ளேயே சொன்னாள்.

சுருளிவேல் அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. குனிந்தார்.

"உத்தரவு சாமி. இவளக் கூட்டிட்டுப் போகணும்."

கேட்டுவிட்டு, பதிலுக்காக அவரும் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே, ஆளில்லாத வண்டியை இழுத்துக்கொண்டு மாடுகள் தாமாக மலையிறங்கிப் போயின.