வடக்கு வாசல்

அந்தப் பழைய மாதா கோயிலின் சுவர் எவ்வளவு தடிமன் என்றால், சன்னல் குழிக்குள் கட்டில் போட்டுக் குடும்பத்தோடு புரண்டு படுக்கலாம். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான். ஆனால் இனி வருவதில் ஒரு பொட்டுக்கூடக் கூட்டவில்லை.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கொத்தனார். அவன் மகளுக்கு மறுநாள் அங்கே கல்யாணம். வடக்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. “தட்டிப் பார்த்துச் சொல்லுப்பா. ஆகாதுன்னா கோயிலைப் பூட்டிடுவேன்” என்றிருந்தார் பாதிரியார். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? நானும் ஒட்டிக்கொண்டேன்.

நட்டநடு மத்தியானம். உள்ளே பாசி வாடை, பழைய மெழுகு வாடை. கோபுரம், முதலில் கட்டியவர்களின் பேரன்மார் எழுப்பியது. வடக்குச் சுவரோ முதல் கல் வைத்த காலத்தது. அதில் ஒரு வாசல் இருந்ததாம். எந்தத் தலைமுறையோ, என்ன காரணமோ, இருபுறமும் கல் வைத்து, நடுவில் சல்லியைக் கொட்டி அடைத்துவிட்டது.

மச்சான் சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே வந்தான். அடைத்த வாசலில் பொத்தென்று கேட்டது.

சுவருக்குள்ளிருந்து ஒரு தட்டு வந்தது.

கெட்டிச் சுவரை இருபுறமும் ஆள் நின்று உடைக்கும்போது, 'விலகிட்டியா?' என்பதற்கு ஒரு தட்டு. 'விலகிட்டேன், அடி' என்பதற்கு இரண்டு. மச்சானுக்கு அது கையில் ஊறிய பழக்கம். யோசிக்கவே இல்லை.

டொக். டொக்.

“யாருக்கு மச்சான் பதில் சொன்னே?” என்று கிசுகிசுத்தேன்.

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். “அந்தப் பக்கம் பாருங்க அத்தான்.”

தொந்தியைத் தூக்கிக்கொண்டு குதிரை தோற்கும்படி ஓடினேன். வெளியே முழங்கால் உயரப் புல். ஒரு புல்கூட மிதிபடவில்லை.

திரும்பி வந்தால், சுவருக்குள் உளி விழுந்துகொண்டிருந்தது.

நிதானமாக.

ஒவ்வோர் அடியும் இன்னும் கிட்டத்தில்.

ஒரு கல் பிதுங்கி எங்கள் காலடியில் விழுந்தது. உள்ளே சல்லி இல்லை. இருட்டுதான். அதிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை, இப்போதுதான் குழைத்ததுபோல.

வெளியே பாய்ந்தோம். வாசலில் பாதிரியாரும், பூக்கூடையோடு மச்சான் மகளும்.

“என்னப்பா, பேயடிச்ச மாதிரி ஓடி வர்றீங்க?”

“பூட்டுங்க ஃபாதர். சுவர் ஆகாது” என்றான் மச்சான்.

“அப்ப என் கல்யாணம்?”

“வெட்டவெளியில வச்சுக்கலாம்மா. திட்டணும்னா அங்க வச்சுத் திட்டு.”

பாதிரியார் பூட்டிச் சாவியை உருவினார். கோயிலுக்கு அந்த ஒரு கதவுதான். நாங்கள் நால்வரும் வெளியே.

உள்ளே, கதவின் குறுக்குக்கட்டையை யாரோ தூக்கி, மெதுவாக மாட்டினார்கள்.