முந்தானையில் நாலு ஸ்டார்ட்டர்

"ட்யூப்லைட்டைப் போடாதீங்க அண்ணி...!"

லூயிசா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் நாத்தனார் செலஸ்தீனா சுவிட்சைத் தட்டிவிட்டாள். எரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கனத்த உடம்போடு ஏறிப் பார்த்தாள். ஸ்டார்ட்டர் இருக்க வேண்டிய இடம் ஓட்டையாக இருந்தது.

"ஸ்டார்ட்டர் எங்கடி?"

"கழட்டி வெச்சிருக்கேன் அண்ணி."

"ஏன்?"

மூன்று அறை ஸ்டார்ட்டர்களும் அவளுடைய தையல் டப்பாவில், நூல்கண்டுகளுக்கு நடுவே கிடந்தன.

"மணி ஏழாகுது, ஜன்னலைக்கூடத் திறக்காம... இழவு வீடு மாதிரி! என் தம்பி உயிரோட இருக்கான்டி!"

செலஸ்தீனா சாந்தோமில் பேசினால் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளறையில் கணவர் ஆரோக்கியநாதன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வது லூயிசாவுக்குக் கதவிடுக்கில் தெரிந்தது.

நாத்தனார் தி.நகரிலிருந்து விடிந்ததும் கிளம்பி வந்த காரணம் தெரிந்ததுதான். அவள் மகள் ஷெரிலுக்கு வரும் புதன்கிழமை தெருமுனைக் கோயிலில் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண். அவள் அப்பா சவப்பெட்டியில் கிடந்த அன்று, "மச்சான், உங்க பொண்ணைக் கையைப் பிடிச்சு பீடம் வரைக்கும் நான் கூட்டிட்டுப் போவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர் ஆரோக்கியநாதன். இப்போது மூன்று ஞாயிறு பூசையிலும் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாயிற்று. ஒரு ஞாயிறுகூட அவர் வரவில்லை.

"மூணு வாரமும் அவன் இடம் காலி! கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"நான்தான் அண்ணி அனுப்பலை. கூட்டத்துல தலை வலிக்கும்னு..."

"மண்டையெலும்பு கூடிடுச்சு, ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு. நீதான் அவனைப் பூட்டி வெச்சிருக்க!"

லூயிசா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்று ஞாயிறும் அவர் சட்டை மாட்டி, செருப்பில் ஒரு காலை நுழைத்து, அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து தேம்பியதை யாரிடம் சொல்ல?

போன ஜூன் மாத மழையில், அடையாறு பாலத்து இறக்கத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, தலை கல்லில் மோதியது. பதினொரு நாள் நினைவில்லை. பிறகு முடி வளர்ந்து தழும்பு மறைந்தது. ஆனால் பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரே விசிலில் வரிசையில் நிறுத்திய டிரில் மாஸ்டர், குக்கர் விசிலுக்கு நடுங்கினார். காஸ் மூடியிருக்கிறதா என்று இருபது தடவை போய்ப் பார்த்தார். அப்புறம் அதற்குக்கூட எழாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

லூயிசாவுக்கு முதலில் அழுகைதான் வந்தது. ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. தெருவே "ஓ..." என்றது. அந்த இருட்டில், பத்து நாளாக வாய் திறக்காதவர், "லூயிசா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்! கரண்ட் வந்ததும் பேச்சு நின்றுபோனது.

அன்றிலிருந்து அவளுக்கு அழுகையைவிட ஆச்சரியம் பெரிதாகிவிட்டது. மறுநாள் விளக்கைப் போட்டு ஃபேனை நிறுத்திப் பார்த்தாள். அதற்கு மறுநாள் ஃபேனைப் போட்டு விளக்கை அணைத்துப் பார்த்தாள். நாற்காலிமேல் ஏறி ட்யூப்லைட் பட்டியில் காதை வைத்தாள். உள்ளே வண்டு மாதிரி ஒரு ரீங்காரம்! இத்தனை வருஷம் இது தன் காதில் விழவில்லையே... அவர் தலைக்குள் இது என்னவாகக் கேட்கிறதோ? நாற்பது வாட் குண்டு பல்பு அவருக்கு ஒத்துக்கொண்டது. காலை ஆறு மணிக் கோயில் மணிகூட ஒத்துக்கொண்டது, ஏனென்று தெரியவில்லை. சில நாள் எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை. அதுவும் ஏனென்று தெரியவில்லை.

"இன்னாம்மா, ஊரெல்லாம் கரண்ட் கீது, உன் வூட்ல மட்டும் ஃபீஸ் பூட்ச்சா?" என்று கீழ்வீட்டுத் தேவானை சிரித்தாள். லூயிசாவும் சிரித்துவைத்தாள்.

மனநல டாக்டர் ஒருவர்தான் பொறுமையாகச் சொன்னார்: "எலும்பு கூடிடும்மா. உள்ள அடிபட்டது மூளை. இந்தச் சோர்வு, பயம், அழுகை எல்லாம் அந்த அடியால வந்ததுதான், சோம்பேறித்தனம் இல்ல. மாத்திரை தர்றேன். ஆனா நாளாகும்." திரும்பும்போது ஆட்டோவில் ஆரோக்கியநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாதே லூயிசா. அக்காகிட்டகூட. பைத்தியம்னு பேர் வந்தா ஸ்கூல்ல திரும்பச் சேர்க்க மாட்டாங்க. மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அன்று முதல் எல்லாப் பழியும் அவள் தலையில்.

"இது என்னடி...?"

லூயிசா திடுக்கிட்டாள். காபி போடப் போன செலஸ்தீனாவின் கையில், காபி டப்பாவுக்குள் ஒளித்திருந்த மாத்திரை அட்டை.

"பேரைச் சுரண்டி எடுத்திருக்க! என் தம்பிக்கு எதைக் குடுத்து மயக்கி வெச்சிருக்க? ஐயோ மாதாவே!"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் உள்ளறை வாசலில் அவர் வந்து நின்றிருந்தார். அந்தக் கண்கள் கெஞ்சின.

"ஆமா அண்ணி... நானாத்தான் வாங்கிக் குடுக்கறேன்."

ஓங்கிய கையைச் செலஸ்தீனா பாதியில் இறக்கிக்கொண்டாள். "வாடா தம்பி. கல்யாணம் முடியற வரைக்கும் என் வீட்ல இரு. இவ மூஞ்சியில முழிக்காதே!"

அவர் அக்காவோடு கிளம்பினார். லூயிசா இன்னொரு அட்டையை அவர் சட்டைப்பையில் வைத்தாள். "ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு... மறந்துடாதீங்க. அண்ணி, அவர் படுக்கற ரூம்ல ட்யூப்லைட் மட்டும்..."

"போதும்டி உன் நாடகம்!"

அன்று சாயங்காலம் லூயிசா கூடத்து ஸ்டார்ட்டரை மாட்டினாள். வெளிச்சம் கண்ணை அறைந்தது. அதன் கீழே உட்கார்ந்து, ஏழு மாதமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் அழுது தீர்த்தாள்.

"வூட்ல லைட் வந்துச்சு, உன் மூஞ்சில காணோமேம்மா..." என்றாள் தேவானை. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நான்காம் நாள் காலை. வாசலில் யாரோ நிற்பது போலிருக்க, லூயிசா திரும்பினாள். செலஸ்தீனா! அவள் வந்தது காதில் விழாமல் போனது இதுதான் முதல் தடவை. கண்கள் வீங்கியிருந்தன. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நாலு ஸ்டார்ட்டர் உருண்டன.

"என் வீட்டுது..." என்றாள். குசுகுசுவென்றுதான் சொன்னாள்.

"அண்ணி! அவர் எங்க?"

"கீழ ஆட்டோல இருக்கான். கல்யாண வீடாச்சே... சீரியல் லைட்டு, ஸ்பீக்கர், வந்து போற ஜனம். நேத்து ஆளைக் காணோம். பாத்ரூமுக்குள்ள தாழ் போட்டுக்கிட்டு, ஈரத்துண்டைத் தலைல போத்திக்கிட்டு, இருட்டுல உக்காந்திருக்கான்டி! கத்திக் கத்திக் கூப்பிட்டேன், திறக்கலை. தொண்டை கட்டிப்போச்சு. அப்புறம் மெதுவாக் கூப்பிட்டேன்... உடனே திறந்தான்!"

லூயிசா உருண்ட ஸ்டார்ட்டர்களைப் பொறுக்கினாள்.

"'லூயிசா மேல தப்பில்லக்கா, நான்தான் சத்தியம் வாங்கினேன். அது டாக்டர் குடுத்த மாத்திரை. எனக்குப் பயமாயிருக்கு, பீடத்துக்குப் போற வழியில எல்லார் முன்னாலயும் அழுதுடுவேன்'னு சொன்னான். டிரில் மாஸ்டர்டி அவன்! என்னைப் புடிச்சு வெளிய தள்ளியிருக்கக் கூடாதா நீ? வாயைத் திறந்து ஒரு வார்த்தை..."

"சத்தியம் பண்ணிட்டேனே அண்ணி..."

அவ்வளவுதான். அந்தப் பெரிய உடம்பு அவள் தோளில் சரிந்தது. இருவரும் சத்தம் வராமல் அழுதார்கள்.

"இதைக் கழட்டினா சரியாப் போயிடுமா?"

"போகாது அண்ணி. கொஞ்சம் லேசாகும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரியாததுதான் நிறைய."

"அப்ப... அவன் குடுத்த வாக்கு?"

லூயிசா யோசித்தாள். "காலைல கோயில் மணி அவருக்கு ஒத்துக்குது அண்ணி. அந்த நேரத்துல கூட்டமும் இருக்காது."

புதன்கிழமை விடியற்காலை. பங்குச் சாமியார் சரியென்று சொல்லி, பக்கவாசலை மட்டும் திறந்து வைத்திருந்தார். விளக்கில்லை, பாட்டில்லை. கடல் காற்று மட்டும். பழைய பருத்திப் புடவையும், ஈரத்தலையில் சுற்றிய துண்டுமாக ஷெரில் கையை நீட்டினாள்.

"வாங்க மாமா."

பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். வாசலில் லூயிசா ஓரடி முன்னால் வந்தாள்.

"மாமா," என்றாள் ஷெரில் மெதுவாக. "லெஃப்ட்... ரைட்... நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

அவர் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. கால் நகர்ந்தது. பீடத்தின் படியில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தி, மேலே பார்த்து, "மச்சான்... கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார். ஆறு மணி அடித்தது. செலஸ்தீனா ஒரு கையால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மறு கையால் லூயிசாவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக் கல்யாணப் பூசைக்கு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மணப்பெண் போனாள். லூயிசாவும் அவரும் வீட்டில் குண்டு பல்பின் கீழே இருந்தார்கள். அவள் வெங்காயம் நறுக்கினாள். அவர் சுவரைப் பார்க்காமல் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்த நேரம். கோயில் வாசலில் யாரோ தாய்மாமனைக் கேட்டிருக்க வேண்டும். தெருவைத் தாண்டி, மதிலைத் தாண்டி, மூடிய ஜன்னலைத் தாண்டி அந்தக் குரல் வந்தது.

"என் தம்பி காலைலயே வந்து பொண்ணைக் கொண்டாந்து விட்டுட்டான்! அவனைக் கூட்டிட்டு வந்தவ யாரு தெரியுமா? அவன் பொண்டாட்டி லூயிசா! அவளைப் பத்தி இனிமே எவளாவது வாயைத் திறந்தீங்க...!"

லூயிசா பதறி அவரைப் பார்த்தாள்.

"அக்கா," என்றார் அவர்.

கைகள் மடியிலேயே இருந்தன. காதைப் பொத்தவில்லை.

குக்கருக்கு நடுங்குகிறவருக்கு இந்தக் குரல் மட்டும் இன்று எப்படி ஒத்துக்கொண்டது? கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, லூயிசா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.