டாக்டரை எப்படிப் பிடிக்கிறது?

அவள் கேட்காத கேள்விக்கு ஹெட்போனில் பதில் வந்தது.

“அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. முதல்ல கொஞ்ச நேரம் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணும். அவ்வளவுதான்” என்றான் கேப்டன்.

அந்த நேரத்தில் அவள், கம்ப்யூட்டர் விளையாட்டின் திரையில், இடிந்துபோன ஒரு படிக்கட்டின் அடியில் பதுங்கி, முன்னால் கேடயம் பிடித்து நின்றவனுக்கு மருந்தைப் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. யாருக்குச் சொல்கிறான்? அவன் வீட்டில் யாரோ ஏதோ கேட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். தனக்குச் சொன்னதாக இருக்க வழியே இல்லை. கேப்டன் அவளிடம் ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நிழலில் நிறுத்திவிட்டு வந்தால், சாயங்காலம் மறுபடி கிளம்பும் வரை வீடு அவளுக்கு மட்டும்தான். கணவர் குளிர்பதனக் கிடங்கில் மெஷின் பார்க்கிறவர். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். கொழுந்தன் வேலை கிடைத்து வெளியூர் போனபோது தன் கம்ப்யூட்டரைப் பின்னறையில் விட்டுப் போயிருந்தான். தூசி தட்டப் போனவள் சும்மா ஒருநாள் அதைப் போட்டுப் பார்த்தாள். உள்ளே அந்தத் துப்பாக்கி விளையாட்டு இருந்தது. இரண்டு அணி, ஆளுக்கொரு வேலை. கேடயம் பிடிப்பவன் முன்னால் போவான். ஸ்னைப்பர் தூரத்து ஜன்னலில் உட்கார்ந்து குறிபார்த்துச் சுடுவான். எதிரி அணியின் ஸ்பை, நம் ஆளின் உருவத்தைப் போட்டுக்கொண்டு நம்மோடேயே நடப்பான். டாக்டர் வேலையை மட்டும் யாரும் எடுப்பதில்லை. சுட வழியில்லை, திட்டு மட்டும் நிறைய. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் அவள் போய் உட்கார்ந்தாள்.

திட்டித் திட்டித்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

“ஏய் டாக்டரு, கண்ணு எங்க இருக்கு? செத்தவனுக்கா ஊசி போடுவ?” இது கேடயக்காரன். வெண்கலத் தொண்டை.

“வெட்டவெளியில நிக்காதன்னு எத்தனை தடவை சொல்றது? நீ செத்தா நாங்க எல்லாரும் செத்தோம். மரமண்டை!” இது கேப்டன்.

வேன் ஓட்டுகிறவளுக்குத் திட்டு புதிதில்லை. ரோட்டில் தினமும் கேட்பதுதான். ஆனால் அதில் பிடிவாதம் வந்துவிட்டது. சுவரை ஒட்டி நடக்கக் கற்றாள். தன் ஆள் கண்ணில் படும்படியும், எதிரியின் கண்ணில் தான் படாதபடியும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கக் கற்றாள். யாரை முதலில் காப்பாற்றுவது, யாரைச் சாக விடுவது என்று யோசிக்காமலே கை போகும் அளவுக்கு ஆகிவிட்டது. திட்டு மட்டும் குறையவில்லை. அவர்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பெண் குரல் என்பதாலோ, வயது கூட என்பதாலோ, அவளும் காரணம் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அந்தப் பச்சைப் புள்ளி.

யார் பேசினாலும் திரையின் மூலையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அவரவர் மைக்கில் போவது மற்றவர்களுக்குத்தான் கேட்கும், அவரவர் ஹெட்போனில் வராது. ஒருநாள் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஒரு கதவுக்குப் பின்னால் காத்திருந்தபோது, அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் அது எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்து, ஒருவர் நிதானமாக ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் நேரம் வரை அப்படியே நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஏதாவது வண்டி நின்றிருக்கும். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியிருக்கும். அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

ஜன்னலைச் சாத்தியதும் அந்த வாடை தெரிந்தது. கரண்டை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தியே வைத்திருந்த பழைய ஃபிரிட்ஜை நெடுநாள் கழித்துத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, ஈரமும் ரப்பரும் எப்போதோ கெட்டுப்போன எதுவோ கலந்த ஒரு குளிர்ந்த மக்கல், அது மாதிரி. அறை முழுக்க இல்லை. நாற்காலிக்குப் பின்னால் மட்டும்தான். ஃபினாயில் போட்டுத் துடைத்தாள். தரை மணத்தது. அந்த இடத்தில் மட்டும், ஆள் நிற்கிற உயரத்தில், அது அப்படியே இருந்தது.

மறுநாள் ஆட்டத்துக்கு நடுவில் டீ போட எழுந்து போனாள். பின்னறையிலிருந்து நீளமான, இருட்டான நடை; அதன் நடுவில் ஒரு பக்கமாக அடுப்படி, மறுமுனையில் கூடமும் வாசல் கதவும். தம்ளரோடு திரும்பி வந்தபோது, நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் போன ஹெட்போனிலிருந்து சிரிப்புச் சத்தம் எறும்பு ஊர்கிற மாதிரிக் கசிந்துகொண்டிருந்தது. எடுத்து மாட்டினாள்.

“வந்துட்டாளா?” என்றான் கேடயக்காரன்.

சிரிப்பு நின்றது.

மைக்கின் தண்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. அவள் வாய்க்கு நேராக வைத்திருந்ததை, யாரோ நின்றுகொண்டு பேச வசதியாக நிமிர்த்திவிட்ட மாதிரி. அதைக் கீழே இழுத்தாள். நுனியில் இருந்த பஞ்சு ஈரமாக இருந்தது.

அன்று ராத்திரி கணவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, “அந்தப் பசங்களோட சேர்ந்து உனக்கும் தலை கெட்டுப்போச்சு. அதை மூட்டை கட்டித் தம்பிக்கு அனுப்பிடுறேன்” என்றார்.

அதற்கு அடுத்த நாள், மேகம் கவிந்த ஒரு மத்தியானம். வெளியே வெளிச்சம் இருந்தும் வீட்டுக்குள் அது வராமல் ஜன்னலோடு நின்றுவிட்டது. அணி தோற்றுக்கொண்டிருந்தது. எதிரி அணியின் ஸ்பை அவளை மட்டும் குறிவைத்து, திரும்பத் திரும்ப முதுகில் குத்தினான்.

கேப்டன் வெடித்தான். “உனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது! உன் வீட்டுக்காரரு எவ்வளவு சுலபமா புரிஞ்சுக்கிறாரு. அவரை விளையாடச் சொல்லிட்டு நீ போய்ப் படு.”

“யாரு?”

“உன் வீட்டுக்காரரு. தினமும் உன் பின்னால நின்னுட்டு பேசுறாருல்ல.”

அவள் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. திரையில் அவளுடைய டாக்டர் வெட்டவெளியில் நின்றாள். யாரோ சுட்டார்கள்.

“என் வீட்டுல யாருமில்ல” என்றாள். “இந்த நேரத்துக்கு நான் மட்டும்தான் இருப்பேன்.”

கேடயக்காரன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“விளையாடாத” என்றான் கேப்டன்.

“அவரு வேலைக்குப் போயிருக்காரு. என்ன பேசினாரு? என்ன கேட்டாரு? சொல்லு.”

அவன் தயங்கினான். இதுவரை அவன் தயங்கி அவள் கேட்டதில்லை. “ஸ்பை எப்படி ஆடணும்னு கேட்டாரு. சும்மா ஆசையா கேக்குறாருன்னு நானும் சொல்லிக் குடுத்தேன். டாக்டரை எப்படிப் பிடிக்கிறதுன்னுதான் கேப்பாரு. எப்பவும் அது ஒண்ணுதான்.”

“நீ என்ன சொன்ன?”

“முதல்ல ஒதுங்கி நின்னு பாக்கணும், டாக்டர் யாரு கூப்பிட்டா ஓடுறான்னு தெரிஞ்சுக்கணும்னு சொன்னேன். அப்புறம் அந்த ஆளு மாதிரியே வேஷம் போடணும். அடிபட்ட மாதிரி கூப்பிடணும். அடிபட்டவன் கூப்பிட்டா டாக்டரால வராம இருக்க முடியாதுன்னு…” அவன் நிறுத்தினான். “நேத்து நீ டீ போடப் போனப்ப ஒண்ணு கேட்டாரு. டாக்டருக்குச் சந்தேகம் வந்துட்டா என்ன பண்றதுன்னு. முகத்தைக் காட்டாதீங்கன்னேன். எதிரிதான் நம்மளையே பாத்துட்டு நிப்பான், நம்ம ஆளு முதுகைக் காட்டிட்டு நிப்பான். முதுகைப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வராது. முதுகை மட்டும் காட்டுங்கன்னு சொன்னேன்.”

“இப்ப பேசுறாரா?”

ஹெட்போனில் வெறும் இரைச்சல். வேறு யாரோ, அதுவரை பேசாத ஸ்னைப்பர், மெதுவாகச் சொன்னான். “பேசல. மூச்சு மட்டும் கேக்குது. மைக்குக்குக் கிட்டத்துல.”

அவள் மூச்சை அடக்கினாள். திரையின் மூலையைப் பார்த்தாள்.

பச்சை.

அணைந்தது.

பச்சை.

“அக்கா” என்றான் கேப்டன். குரலில் பழைய அதட்டல் கொஞ்சமும் இல்லை. “வெளியில போயிடுங்க அக்கா.”

ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினாள். யாருமில்லை. சுவர், கொடியில் காயும் சட்டைகள், பாதி திறந்த கதவு. காதிலிருந்து ஹெட்போன் போனதும் வீட்டின் நிசப்தம் தண்ணீர் மாதிரி இரண்டு பக்கமும் வந்து அடைத்துக்கொண்டது. அந்த வாடை இப்போது நாற்காலிக்குப் பின்னால் இல்லை. கதவருகே இருந்தது. பிறகு அங்கேயும் இல்லை.

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார். பின்னால் மெஷின்களின் ஓங்காரம்.

“என்ன இந்த நேரத்துல?”

“நீங்க எங்க இருக்கீங்க?”

“எங்க இருப்பேன்? வேலையிலதான். சத்தம் கேக்கலையா? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“வீட்டுல யாரோ இருக்காங்க.”

“வாசக் கதவைத் தாழ் போட்டியா இல்லையா? சரி, நீ முதல்ல வெளியில வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. நான் போனை வெக்கல. நான் இப்பவே…”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் ஒரு தம்ளர் உருண்டது.

“கொஞ்சம் வாயேன்” என்றது அவருடைய குரல், அடுப்படியிலிருந்து. “கையை வெட்டிக்கிட்டேன். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது.”

போனுக்குள் அவர் பேசுவதை நிறுத்தினார். ஓங்காரம் மட்டும் வந்தது. பிறகு, மிகவும் சன்னமாக, “அது யாரு?” என்றார்.

வாசலுக்குப் போக வேண்டுமானால் அந்த நடையைக் கடந்தாக வேண்டும். அடுப்படியைத் தாண்டியாக வேண்டும். பின்னறை ஜன்னலில் கம்பி. வேறு வழி கிடையாது. சுவரை ஒட்டினாள். ஒரு கால். இன்னொரு கால். சுண்ணாம்பு தோளில் உரசியது.

“வாயேன்” என்றது குரல். அதே அலுப்பு. அதே செல்லக் கோபம். பதினைந்து வருடமாக அவளைக் கூப்பிட்ட அதே இழுவை. “ரொம்ப வலிக்குது.”

ஒரு கணம் அவளுடைய கால் தானாக அந்தப் பக்கம் நகர்ந்தது. அதுதான் அவளை நடுங்க வைத்தது. கால் நகர்ந்தது.

நின்றாள்.

குரலும் நின்றது. யோசிப்பது மாதிரி ஒரு மௌனம்.

பிறகு அடுப்படியிலிருந்து அவர் வந்தார். காலையில் போட்டுக்கொண்டு போன அதே கட்டம் போட்ட சட்டை. கழுத்தோரம் அவளே கத்தரித்துவிட்ட முடி. வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்கிற அதே வாகு. முதுகைக் காட்டிக்கொண்டு நடைக்கு நடுவில் நின்றார். கூடத்தைப் பார்த்து நிற்பது மாதிரி. அவளை நம்பி நிற்பது மாதிரி.

“ஹலோ?” என்றது கையிலிருந்த போன். “ஹலோ? கேக்குதா?”

அந்த உருவம் நடக்கத் தொடங்கியது. கூடத்துப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம். குதிகால் முன்னால். அவசரமே இல்லாமல். வழியைத் தடவாமல், தடுமாறாமல், ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், முதுகைக் காட்டியபடியே அவளை நோக்கி வந்தது.

அவள் பின்வாங்கினாள். முதுகில் கதவுச்சட்டம் இடித்தது. பின்னறையில், தரையில் கிடந்த ஹெட்போன், பூச்சிக் குரலில் “அக்கா… அக்கா…” என்றது.

அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அசையவில்லை. காத்திருந்தது.

அதன் தோளுக்கு மேலாக, நடையின் மறுமுனையில், கூடத்து டிவி அணைந்து கிடந்தது. கறுத்த அந்தக் கண்ணாடியில் வாசல் வெளிச்சம் கொஞ்சம் விழுந்திருந்தது. அதில் அதன் முன்பக்கம் தெரிந்தது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் படிய வாரிய முடி. அதன் கீழே பிடரி. சட்டைக் காலரின் மடிப்பு. அந்தப் பக்கமும் முதுகு.

“வலிக்குது” என்றது, எந்தப் பக்கத்திலிருந்தோ. வெட்டுப்பட்ட உள்ளங்கையை, சிந்தாமல் நிறைந்து நின்ற ரத்தத்தோடு, மெதுவாக அவள் பக்கம் நீட்டியது.